காற்றை இறக்கினால் மணல் ஏறும் வண்டி

பழவேற்காட்டில் பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால், தார் முடிந்து மணல் தொடங்கும் இடம் ஒன்று வரும். படகு கரையேறும் நேரத்தில் மீன் பெட்டியைப் பின்னால் கட்டிய மொபெட்டுகள் அங்கிருந்து கிளம்பும். அவற்றில் ஒன்று மணலில் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் நிற்பவர் சொல்லும் யோசனை இதுதான்: "பின்னாடி காத்த கொஞ்சம் எறக்கி வுடுணா." வால்வைக் குச்சியால் அழுத்தி 'உஸ்' என்று காற்றை விட்டதும், கொஞ்ச நேரம் முன்பு வரை நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் மெல்ல நகர்ந்து வெளியே வந்துவிடும்.

அதே வண்டி பொன்னேரி சாலையில் ஏறி, சுமார் 20 கி.மீ. தள்ளியிருக்கும் சந்தைக்குப் புறப்படும்போது யோசனை தலைகீழாகிவிடும். "காத்து கம்மியா இருக்கு, வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும்." இதுவும் சரிதான். ஒரே சக்கரம், ஒரே டியூப். காற்று குறைந்தால் தாரில் வண்டி திணறுகிறது, மணலில் ஏறுகிறது. இரண்டும் எப்படி உண்மையாக முடியும்?

சக்கரம் தரையை எவ்வளவு அழுத்துகிறது?

வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறோம். ரப்பரின் பங்கு குறைவு. பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. அதை நம்ப வேண்டுமானால் பஞ்சரான டயரைப் பார்த்தால் போதும்: ரப்பர் முழுதாக அப்படியே இருக்கிறது, வண்டி மட்டும் ரிம்மில் உட்கார்ந்துவிடுகிறது.

டயர் தரையைத் தொடும் இடம் உருண்டையாக இருக்காது, சப்பையாக அமுங்கியிருக்கும். அந்தச் சப்பையான பகுதியைத் தொடுபரப்பு என்று சொல்வோம். அதற்கு மேலே இருந்து காற்று அழுத்துகிறது, கீழே இருந்து தரை திருப்பி அழுத்துகிறது. இரண்டும் சமமாகும் வரை டயர் அமுங்கிக்கொண்டே போகும். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டர் தரைமேல் விழும் அழுத்தம், கிட்டத்தட்ட டியூபுக்குள் இருக்கும் காற்றழுத்தமேதான். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் அது இதுதான்.

இதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவு வருகிறது. பெட்டியில் இன்னும் பத்து கிலோ மீனைக் கொட்டினால் சக்கரம் தரையை இன்னும் பலமாக அழுத்தும் என்றுதான் தோன்றும். ஆனால் அழுத்தம் அவ்வளவாகக் கூடாது. டயர் இன்னும் கொஞ்சம் அமுங்கி, தொடுபரப்பு பெரிதாகும். சுமையால் மாறுவது பரப்பு; அழுத்தத்தை மாற்ற வேண்டுமானால் வால்வுக்குத்தான் போக வேண்டும்.

காற்றடிக்கும் கடையில் "முன்னாடி இருபத்தஞ்சு, பின்னாடி முப்பத்தஞ்சு" என்று சொல்வது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. நமக்கு வசதியான அளவுக்கு மாற்ற 14 ஆல் வகுத்தால் போதும். சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்பது கிடைத்துவிடும். 35 பவுண்டு என்றால் இரண்டரை கிலோ, 14 பவுண்டு என்றால் ஒரு கிலோ.

ஒரு மொபெட், ஒரு பெட்டி மீன்

இனி கணக்கைப் போட்டுவிடுவோம். வண்டி 85 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ, ஐஸோடு சேர்த்து மீன் பெட்டி 60 கிலோ. மொத்தம் 210 கிலோ. பெட்டி பின்னால் இருப்பதால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 140 கிலோ, பின் சக்கரத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்எல் வகை மொபெட்டுகளில் டயர் இரண்டரை அங்குல அகலம், ரிம் 16 அங்குலம்.

பின் டயரில் 35 பவுண்டு இருந்தால், 140 கிலோவைத் தாங்க 56 சதுர சென்டிமீட்டர் தொடுபரப்பு வேண்டும். டயர் தரையில் பதியும் அகலம் சுமார் 5 செ.மீ. என்றால் நீளம் 11 செ.மீ. வரும். அந்த நீளத்துக்குச் சப்பையாக டயர் அமுங்குவது அரை சென்டிமீட்டரைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட செய்யாது.

இப்போது காற்றை 14 பவுண்டுக்கு இறக்குங்கள். தேவைப்படும் பரப்பு 140 சதுர சென்டிமீட்டர், இரண்டரை மடங்கு. இந்தக் கூடுதல் பரப்பு எங்கிருந்து வருகிறது? காற்று இறங்கிய டயர் பக்கவாட்டில் பிதுங்குவது கண்ணில் படுவதால், அகலம்தான் கூடியது என்று நினைத்துவிடுகிறோம். தரையில் பதியும் அகலம் 5 செ.மீ.யிலிருந்து 6 செ.மீ. ஆகலாம். மீதி முழுவதும் நீளத்தில் வருகிறது: 11 செ.மீ. இருந்த இடத்தில் 23 செ.மீ. சக்கரம் நீண்டு, ஒல்லியான ஒரு பட்டையைத் தரையில் விரித்தபடி உருளுகிறது. அதற்காக டயர் அமுங்கும் அளவு இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. இந்த இரண்டரையை மறந்துவிடாதீர்கள். டியூபின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது.

மணல் எப்போது தாங்கும்?

65 கிலோ உள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நின்றால், பாதம் தரையை அழுத்துவது சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவுக்கும் குறைவு. அதற்கே உலர்ந்த மணலில் கால் புதைகிறது. 35 பவுண்டு டயர் அழுத்துவது அதைப் போல ஐந்தாறு மடங்கு. புதையாமல் என்ன செய்யும்?

உலர்ந்த மணலில் ஒரு துகளை இன்னொரு துகளோடு பிணைப்பது எதுவும் இல்லை, உராய்வு மட்டும்தான். களத்தில் குவித்த நெல்மேல் காலை வைத்தால் நெல் நசுங்குவதில்லை, பக்கவாட்டில் வழிந்து வழிவிடுகிறது. மணலும் அதே மாதிரி வழிவிடுகிறது. ஈரமணலின் கதை வேறு. துகள்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும் சிறு நீர்த்துளி இரண்டையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. அலை நனைத்துவிட்டுப் போகும் வரப்பில் சைக்கிள்கூட ஓடுவதும், நாலு அடி மேலே தள்ளி வந்தால் அதே சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டியிருப்பதும் இதனால்தான்.

அந்த ஈரமணலில் கால் வைக்கும்போது குனிந்து பாருங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு வளையம் சட்டென்று வெளிறி உலர்ந்தது மாதிரி ஆகும். மிதித்தால் தண்ணீர் பிதுங்கி வெளியே வரவேண்டும். இங்கே உள்ளே போகிறது. 1885இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதற்குக் காரணம் சொன்னார். நெருக்கமாக அடுக்கியிருக்கும் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும். ஏறும்போது இடைவெளி அதிகமாகிறது, மேலே இருந்த நீர் அந்த இடைவெளிக்குள் இறங்குகிறது. மணல் இடம் மாறுவதற்கு முதலில் விரிய வேண்டும். மேலிருந்து பாரம் பரவலாக அழுத்தினால் அந்த விரிவு தடைப்பட்டு மணல் கெட்டிப்படுகிறது. சக்கரம் சுழன்று துகள்களைக் கிளறினால் அடுக்கு கலைந்துபோகிறது. மணலில் மாட்டிய வண்டியில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி இன்னும் கீழே இறங்குவது அதனால்தான். சேர்ந்து தாங்கியிருக்க வேண்டிய துகள்களைச் சக்கரமே பின்னால் வாரி எறிந்துவிடுகிறது.

ஏரிப் பக்கத்துச் சேறு இந்தக் கணக்குக்குள் வராது. கோடையில் பழவேற்காடு ஏரியில் தண்ணீர் வற்றி, மேலே உப்புப் படிந்து காய்ந்த தரை போலத் தெரியும். கீழே கரிய களிமண் குழம்பாகவே இருக்கும். பூநாரை அங்கே நிற்கிறதென்றால் உடம்பு லேசு, விரல்களுக்கு நடுவே சவ்வும் இருக்கிறது. மொபெட்டில் எவ்வளவு காற்றை இறக்கினாலும் அங்கே பலன் இல்லை.

தாரில் இழுக்காதது ஏன்?

சக்கரம் உருளுவதற்குச் செலவாகும் ஆற்றல் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, டயர் அமுங்கி நிமிர்வதில். ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை மடங்கி விரிகிறது. மடங்குவதற்கு வாங்கிய ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை, மிச்சம் சூடாகிறது. இன்னொன்று, தரை அமுங்குவதில். தரை நிமிர்வதில்லை, ஆதலால் அங்கே போட்டது எல்லாம் நஷ்டம்.

தார் அமுங்காது. அங்கே இருக்கும் ஒரே செலவு டயரின் செலவு. காற்று குறையக் குறைய மடிப்பு ஆழமாகி அந்தச் செலவு ஏறும், டயரும் கொதிக்கும். மணலில் நிலைமை வேறு. காற்று நிறைந்த சக்கரம் தனக்கு முன்னால் பள்ளம் தோண்டிக்கொண்டே போகிறது. அந்தப் பள்ளத்தின் முன்சுவரில் ஏறிக்கொண்டே இருக்கிறது. சமதளமான கடற்கரையில் முடிவே இல்லாத மேடு ஏறுவதற்கு இது சமம். காற்றை இறக்கியதும் டயர் மடங்கும் செலவு கூடத்தான் செய்கிறது, ஆனால் பள்ளம் ஆழமாகாததால் அதைவிடப் பல மடங்கு மிச்சமாகிறது. சாலைக்காரர் சொன்னதும் குப்பத்துக்காரர் சொன்னதும் ஒரே கணக்குதான். தரை மாறினால் எந்தச் செலவு பெரியது என்பதும் மாறிவிடுகிறது.

ரால்ஃப் பக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் 1920களின் இறுதியில் ஃபோர்டு கார்களோடு லிபியப் பாலைவனத்துக்குள் புகுந்தபோது கைக்கொண்டதும் இதே வழிதான்: மணல் வந்தால் காற்றை இறக்கு. அங்கே கிடைத்த அனுபவத்தோடு ஆய்வகத்துக்குத் திரும்பி, காற்றால் பறக்கும் மணலைப் பற்றி அவர் எழுதி 1941இல் வெளிவந்த நூலை இன்றும் விஞ்ஞானிகள் புரட்டுகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் கடலிலிருந்து நேராகக் கரையேறிய அமெரிக்க டக் லாரிகளில், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயர் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். நம் கரைகளில் குச்சியாலும் கைப்பம்பாலும் செய்வதை அங்கே குழாய் வைத்துச் செய்தார்கள்.

ஐந்து பவுண்டில் ஓடும் பைக்

காற்றை எவ்வளவு தூரம் இறக்க முடியும் என்பதற்கு எல்லையைக் காட்டுவது டிரையல்ஸ் என்னும் மோட்டார் சைக்கிள் போட்டி. இதில் வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. பாறை, ஓடை, சேறு, மரக்கட்டை ஆகியவற்றைக் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஊன்றினால் மதிப்பெண் போகும். 1909 முதல் நடந்துவரும் ஸ்காட்லாந்து ஆறுநாள் டிரையல் இதில் மூத்த போட்டி. அதை 1952இலும் 1957இலும் ராயல் என்ஃபீல்டில் வென்றவர் ஜானி பிரிட்டன். ராயல் என்ஃபீல்டின் தமிழ்நாட்டுத் தொழிற்சாலை 1950களில் தொடங்கிய திருவொற்றியூர், பழவேற்காட்டிலிருந்து தெற்கே இதே கரையில் இருக்கிறது.

இன்றைய டிரையல்ஸ் பைக்கின் பின் டயரில் இருக்கும் காற்று நாலிலிருந்து ஆறு பவுண்டு. கட்டைவிரலால் அழுத்தினாலே குழியும். சுமார் 70 கிலோ வண்டி, அதன்மேல் நின்றபடி ஓட்டும் 70 கிலோ மனிதர். நாலு அங்குல அகல டயர் உள்ளங்கைபோல் பாறையைப் பற்றிக்கொள்கிறது. இவ்வளவு குறைந்த காற்றில் பின் சக்கரத்துக்கு டியூப் வேண்டாம் என்று டிரையல்ஸ்காரர்கள் முடிவெடுத்து நெடுங்காலம் ஆகிறது. கம்பி வைத்த முன் சக்கரத்தில் மட்டும் பல பைக்குகளில் டியூப் தொடர்கிறது. அங்கே காற்றைச் சற்றுக் கூட்டி வைக்கிறார்கள். காரணம் பஞ்சர் கடையில் கிடைக்கும்.

டியூப் எங்கே தோற்கிறது?

வேலிக்காத்தான் முள் குத்திய டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் ஒரே இடத்திலிருந்து குமிழி வரும். சில டியூபுகளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்கள் இருக்கும், இரண்டு வரிசையாகக் குமிழி கிளம்பும். டயரில் தேடினால் முள்ளும் இருக்காது, கிளிஞ்சலும் இருக்காது. குத்தியது ரிம்மின் இரண்டு ஓரங்கள். காற்று குறைந்த சக்கரம் வேகமாக ஒரு கல்லில் ஏறும்போது டயர் முழுதாக அமுங்கி, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது.

நம் கணக்குக்கு வருவோம். இரண்டரை அங்குல டயரின் உயரம் சுமார் 6 செ.மீ. 14 பவுண்டில், நிற்கும்போதே இரண்டரை சென்டிமீட்டர் அமுங்கிவிட்டது. ரிம்மின் ஓரமும் ரப்பரின் தடிமனும் போக மிச்சம் இருப்பது ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். மணலில் மெதுவாகப் போகையில் இது போதும், மணல் இடிப்பதில்லை. அதே காற்றோடு பொன்னேரி சாலைக் குழியில் 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் அந்த டியூப் போனது போனதுதான்.

இரண்டாவது ஆபத்து வால்வின் அடியில் இருக்கிறது. டயரை ரிம்மோடு பிடித்து வைப்பதும் காற்றழுத்தம்தான். அது குறைந்தால், இன்ஜின் சக்கரத்தை இழுக்கும்போது ரிம் முன்னால் போகிறது, டயர் பின்தங்குகிறது. டயரோடு டியூபும் இழுபடும். ஆனால் வால்வு ரிம் ஓட்டையில் மாட்டியிருக்கிறதே! இழுபட்டு இழுபட்டு வால்வின் வேர் கிழிந்துவிடும். அந்த இடத்தில் ஒட்டுப் போட முடியாது, புது டியூப்தான். நல்ல வேளையாக இது முன்கூட்டியே சாடை காட்டும்: ரிம்மிலிருந்து நேராக நிற்க வேண்டிய வால்வு சாய்ந்திருக்கும். டியூப் போட்ட கரடுமுரடான பாதை பைக்குகளில் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்க உள்ளே ஒரு பூட்டுக்கட்டை வைப்பார்கள். மொபெட்டில் அது கிடையாது. வால்வு சாய்ந்தால் காற்றை முழுதாக விட்டு டயரைத் திருப்பி நேராக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

டியூப் வாங்கும்போது அளவில் சமரசம் செய்யக் கூடாது. சிறிய டியூபை ஊதிப் பெரிதாக்கினால் சுவர் மெலிந்துபோகும். பெரிய டியூபைத் திணித்தால் உள்ளே மடிப்பு விழும், அந்த மடிப்பே தேய்ந்து ஓட்டையாகும். ரப்பரிலும் வேறுபாடு உண்டு. இயற்கை ரப்பர் நன்றாக இழுபடும், எளிதில் கிழியாது; ஆனால் காற்று அதன் ஊடாகவே மெல்லக் கசியும். 1937இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பார்க்ஸும் ராபர்ட் தாமஸும் உருவாக்கிய பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர் காற்றைப் பல மடங்கு நன்றாகப் பிடித்து வைக்கும். தினமும் ஒரே காற்றில் சாலையில் ஓடும் வண்டிக்குப் பியூட்டைல் நல்லது. மணலுக்கும் சாலைக்கும் மாறி மாறிப் போகும் வண்டிக்குத் தடிமனான டியூப் எதுவானாலும் அதைத்தான் நான் தேர்வேன். கொஞ்சம் கூடுதல் எடையும் சூடும் இருக்கும். அதற்குப் பதிலாக ரிம் கடிக்கும்போது அது ஈடுகொடுக்கும்.

கடலோரத்தில் இன்னொரு எதிரி உப்பு. ரிம்மின் உட்புறம் துரு பொரிந்து கத்தி மாதிரி நிற்கும், கம்பிகளின் முனை அரித்துக் கூராகும். அவற்றுக்கும் டியூபுக்கும் நடுவே இருப்பது ரிம் டேப் ஒன்றுதான். இருபது முப்பது ரூபாய்ச் சமாச்சாரம் என்று பழைய டேப்பையே திரும்ப மாட்டுகிறோம். காற்று குறைந்த டியூப் உள்ளே அசையும். அசைகிற டியூபைத் துரு அறுத்துவிடும்.

அப்படியானால் எவ்வளவு?

நம் உதாரண வண்டிக்கு மணலில் 18 முதல் 21 பவுண்டு நல்ல இடம் என்று கணக்கு சொல்கிறது. 21 பவுண்டில் தொடுபரப்பு சுமார் 93 சதுர சென்டிமீட்டர், டயர் அமுங்குவது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. மாட்டிக்கொண்டால் மட்டும் 14 வரை இறக்கலாம். முன் சக்கரத்தில் பாரம் குறைவு என்பதால் அங்கே இன்னும் கொஞ்சம் குறைத்தாலும் தாங்கும். தார் ஏறியதும் பழைய அளவுக்கு அடித்துவிட வேண்டும். வண்டியில் ஒரு கைப்பம்பு கட்டியிருந்தால் ஐஸ் உருகுவதற்குள் சந்தைக்குப் போய்விடலாம். காற்றடிக்கும் கடையைத் தேடி வீணாகும் நேரம் மீன் விற்பவருக்குப் பெரிய விஷயம்.

காற்றை இறக்கிய பிறகு வால்வு மூடியை மறக்காமல் போட வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே உட்கார்ந்தால் போதும், காற்று மெல்லப் போய்க்கொண்டே இருக்கும். பஞ்சர் கடைக்காரர் வால்வின் வாயில் விரலால் எச்சில் தொட்டு வைத்து, குமிழி ஊதுகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். காலைக் குளிர்ச்சியில் 20 பவுண்டு இருந்த டயர், வெயிலிலும் ஓட்டத்திலும் 30 டிகிரி சூடேறினால் 23க்கு மேல் காட்டும். கூடிவிட்டதே என்று அப்போது இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். அளப்பதும் அடிப்பதும் டயர் ஆறியபிறகுதான்.

செய்து பாருங்கள்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின் டயரைத் துடைத்து ஸ்டாம்ப் மையோ கரிக்குழம்போ தடவுங்கள். கீழே கட்டம் போட்ட தாளை விரித்து, ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, சக்கரத்தை மெதுவாக அதன்மேல் இறக்கி மறுபடி தூக்குங்கள். பதிந்த வடிவத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று எண்ணுங்கள். டயரின் வரிப்பள்ளங்களையும் சேர்த்தே எண்ணலாம். அதைக் காற்றழுத்தத்தால் பெருக்கினால் பின் சக்கரத்தில் இறங்கும் எடை வர வேண்டும். காற்றைப் பாதியாக்கி இன்னொரு தாளில் பதியுங்கள்.

இரண்டு முறையும் விடை உண்மையான எடையைவிடக் குறைவாக வந்தால், விடுபட்டது டயரின் பக்கச்சுவர் தாங்கும் பங்கு. காற்று குறைந்த தாளில் அந்தப் பங்கு பெரிதாக இருக்கும். ஐந்து பவுண்டில் ஓடும் டிரையல்ஸ் பைக்கில் அது இன்னும் பெரிது. அதனால்தான் டிரையல்ஸ் டயரின் பக்கச்சுவரைத் தனியாக வடிவமைக்கிறார்கள்: பாறையைப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு மெத்தென்றும், காற்றில்லாமல் மடிந்துவிடாத அளவுக்கு விறைப்பாகவும்.